எங்களுக்கு ஒதுக்கப்பட்ட குதிரை

எங்கள் வீட்டை இடிக்கப் போகிறவரும் எங்களுக்கு வீடு கொடுக்கப் போகிறவரும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இதைச் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் முறைப்பாள். ஆனால் உண்மை அதுதான். இரண்டு இடத்துக்கு அலைய வேண்டாம், ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் மனிதனுக்கு வரும் ஆசைகள் இந்த மாதிரிதான் இருக்கும்.

நான் மின்விசிறி, மோட்டார் பழுது பார்ப்பவன். தரைத்தளத்தில் இரண்டு அறை வாடகை வீடு. முன்னறை பட்டறை, பின்னறையில் நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, என் அக்கா. அக்காவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் ஏழு வருடம் ஆகிறது. நாலு கால் வைத்த ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நடப்பாள். படி ஏற முடியாது. ஒரு படிகூட. வாசலில் இருந்த ஒற்றைப் படியையும் நானே சிமெண்டு பூசிச் சரிவாக்கி வைத்திருந்தேன். அந்தச் சரிவில் இறங்கி, தெருமுனைவரை போய், நாலு பேரிடம் வம்பு பேசிவிட்டு வருவாள். அதுதான் அவளுடைய உலகம். ஆகவே எங்களுக்கு வீடு என்றால் கீழ்வீடு. அதில் பேரமே கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் தெரு மொத்தத்தையும் ஒருவர் வாங்கினார். நிலம், கட்டிடம் வாங்கி விற்பதே அவர் தொழில். அதற்கு முன்னால் பக்கத்துத் தெருவை வாங்கியிருந்தார், அதற்கு முன்னால் அதற்கடுத்த தெருவை. எங்கள் பக்கத்தில் அவருக்குத் தெருமுழுங்கி என்று பெயர். அவரிடம் வேலை பார்ப்பவர்கள் முதலாளி என்பார்கள். ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து உறை வந்தது. உள்ளே இரண்டு தாள். முதல் தாள், அறுபது நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. இரண்டாவது தாள் வழுவழுப்பான வண்ணத்தாள். ‘வீட்டை இழக்கப் போகிறீர்களா? கவலை வேண்டாம். எங்கள் அறக்கட்டளை இருக்கிறது’ என்று போட்டு, கீழே தெருமுழுங்கி சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு குதிரை நின்றது. அது சிரிக்கவில்லை.

“இது என்னங்க கூத்து? கையை ஒடிக்கிற ஆளே கட்டும் போட்டு விடுறாரா?” என்றாள் மனைவி.

“போய்ப் பாருடா. கொடுக்கிறேங்கிறான். கீழ்வீடான்னு மட்டும் மறக்காமக் கேளு” என்றாள் அக்கா.

போனேன். பதினோராம் மாடி. மின்தூக்கியை விட்டு இறங்கியதும் இடதுபக்கம் ஒரு கண்ணாடிக் கதவில் ‘காலி செய்தல் பிரிவு’ என்றும், வலதுபக்கக் கதவில் ‘கருணைப் பிரிவு’ என்றும் எழுதியிருந்தது. எந்தக் கதவைத் தள்ளி உள்ளே போனாலும் ஒரே அறைதான். ஒரே மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு மேலாளர். சட்டையில் சிவப்பு அட்டை குத்தியிருந்தார். என் தாளைப் பார்த்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார்.

“மணி பதினொண்ணுதானே ஆகுது? காலையில நான் காலி பண்ண வைக்கிற ஆளுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வாங்க, உதவி பண்றேன்.”

“இப்ப ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க சார்.”

“இப்ப நீங்க இங்க நின்னா, இன்னும் ஏன் காலி பண்ணலன்னுதான் நான் கேக்கணும். கேக்கவா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, ஒரு மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குத் திரும்பிப் போனபோது அதே மனிதர் பச்சை அட்டை குத்தியிருந்தார். எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடடா! உங்க நிலைமையைக் கேள்விப்பட்டேன். யாரு உங்களை இப்படி ஆக்குனது?” என்று கேட்டார்.

நீங்கள்தான் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது. விதி என்று சொல்லி வைத்தேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அப்புறம்தான் திட்டத்தை விளக்கினார். முதலாளியிடம் இருபத்திரண்டு பந்தயக் குதிரைகள் இருக்கின்றன. ஊருக்கு வெளியே நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. குதிரைகள் ஜெயிக்கிற பரிசில் கட்டியது, அறக்கட்டளைக்கென்றே கட்டியது. மனு போடும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குதிரை ஒதுக்கப்படும். அந்தக் குதிரை முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு வீடு. முதலாவதாக வந்தால் கீழ்வீடு. மூன்றாவதாக வந்தால் நாலாவது மாடி.

“மின்தூக்கி இருக்கா சார்?”

“அது ரெண்டாங்கட்டத்துல. குதிரைங்க இன்னும் நல்லா ஓடணும்.”

“எங்க அக்காவால படி ஏற முடியாது. சும்மாவே ஒரு கீழ்வீடு ஒதுக்க முடியாதா சார்?”

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “இங்க பாருங்க, சும்மா கொடுக்கிறது முதலாளிக்குப் பிடிக்காது. சும்மா வாங்குனா வாங்குறவங்க மனசு கெட்டுப் போயிடும்னு அவருக்குக் கவலை. அவருக்கு அவங்க அப்பா சும்மா கொடுத்தாரு, முப்பத்தாறு கட்டிடம். அந்தக் கஷ்டம் என்னன்னு அவருக்குத் தெரியும். அது வேற யாருக்கும் வரக்கூடாதுன்னு பார்க்கிறாரு.”

“சரி சார். குதிரை ஜெயிக்க நான் என்ன செய்யணும்?”

“நம்பணும்.”

ஒரு பட்டியலை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். நல்ல குதிரைகளை எல்லாம் முந்தி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். ஒரே ஒரு குதிரைதான் பாக்கி. அனுபவசாலி என்றார். நாற்பத்தொரு பந்தயம் ஓடியிருக்கிறது. அதில் ஒரு தடவை நாலாவதாக வந்திருக்கிறது.

“அப்படின்னா பரவாயில்லையே சார்.”

“அன்னைக்கு நாலு குதிரைதான் ஓடுச்சு” என்று உண்மையைச் சொன்னார். பச்சை அட்டையில் அவர் பொய்யே சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும். அக்கா ஊன்றுகோலை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, “ஏன்டா, குதிரைக்குப் பதிலா நம்மளையே ஓட விட்டிருந்தாக்கூட ஒரு நியாயம் இருக்கும். நான் தோத்தா நான் தோத்தேன்னு இருப்பேன்” என்றாள்.

அடுத்த வாரம் பயனாளி–குதிரை அறிமுக நாள். குடும்பத்தில் இருவர் வரலாம் என்று போட்டிருந்ததால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். லாயத்தின் வாசலில் ஒரு பலகையில் விதிகள் தொங்கின. குதிரைகள் முன்னால் அழக்கூடாது. சொந்தக் கஷ்டங்களைச் சத்தமாகப் பேசக்கூடாது. வீடு, வாடகை, அசல், வட்டி ஆகிய சொற்களைத் தவிர்க்கவும், குதிரைகளுக்கு மன அழுத்தம் உண்டாகும். மனைவி அதைப் படித்து முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் குதிரையின் அறைக்குக் கூட்டிப் போனார்கள். ரப்பர் தரை, வெதுவெதுப்பான தண்ணீர், சுவரில் புல்வெளிப் படம். குதிரைக்கு வெளியைப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று மாட்டியிருந்தார்களாம். மனைவி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக நடந்தாள். அடி அளக்கிறாள் என்று எனக்குத் தெரியும். “நம்ம ரெண்டு ரூமும் சேர்ந்தாலும் இவ்வளவு வராது” என்று என் காதில் சொன்னாள். எல்லாம் கீழ்வீடுதான் என்பதையும் கவனித்திருந்தாள்.

குதிரை மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. கண்ணுக்குக் கீழே பள்ளம். வாழ்க்கையில் இத்தனை அலுத்துப்போன முகத்தை நான் கண்ணாடியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

“எப்பவும் இப்படித்தானா?” என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். குள்ளமான, நேர்மையான மனிதர்.

“என்னன்னே தெரியலங்க. டாக்டர் பார்த்தாச்சு, சத்து மருந்து கொடுத்தாச்சு. மனநிபுணரைக்கூட வரவழைச்சோம். இதுக்குப் போட்டி மனப்பான்மை இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... மேலே ஓடும் மின்விசிறி. பேரிங் தேய்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடத் தொழில்காரன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. இந்தக் குதிரை எத்தனை நாளாகக் கேட்கிறது என்று விசாரித்தேன்.

“அது வந்ததிலிருந்தே அப்படித்தான். அஞ்சாறு வருஷம் இருக்கும்.”

“சரி பண்ணச் சொல்லலியா?”

“சொல்லாம இருப்பமா? குதிரை விளையாட்டுப் பிரிவு, ஃபேன் கட்டிடப் பிரிவு. கட்டிடப் பிரிவுல இடிக்கிறதுக்குத்தான் ஆள் இருக்கு, ரிப்பேருக்கு இல்ல.”

“இருங்க” என்று சொல்லிவிட்டு ஏணி கேட்டேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உங்க கை சும்மாவே இருக்காதா? போற இடமெல்லாம் கழட்டணுமா?” என்றாள். பையில் எப்போதும் திருப்புளியும் இரண்டு மூன்று பேரிங்கும் கிடக்கும். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாட்டி, எண்ணெய் விட்டு, ஓடவிட்டேன். சத்தமே இல்லை. குதிரை தலையைத் தூக்கி மேலே பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. பிறகு மெல்ல மடங்கிப் படுத்து, என் கண் முன்னாலேயே தூங்கிப் போய்விட்டது.

பயிற்சியாளர் வாயில் கை வைத்துக்கொண்டு, “இது படுத்து நான் பார்த்ததே இல்லைங்க” என்றார்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் எங்களுக்கு நன்றிப் பயிற்சி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கட்டாயம். ஆறடி நீளத்துக்குத் தெர்மோகோலில் ஒரு சாவி செய்து வைத்திருந்தார்கள். அதை மேடையில் வாங்குவது எப்படி என்று ஒரு டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தார். வலது கையால் சாவியைப் பிடிக்க வேண்டும், இடது கையை நெஞ்சில் வைக்க வேண்டும், முகம் கேமரா பக்கம், பார்வை முதலாளி பக்கம்.

“கண்ணீர் வரட்டும், தப்பில்ல. ஆனா கன்னத்தோட நிக்கணும். தாடைக்கு வந்தா மைக் நனையும்” என்றார். எனக்குக் கண்ணீரே வரவில்லை. எதை நினைத்தால் அழுகை வரும் என்று கேட்டார். சனிக்கிழமை வேலை கெட்டுப்போவதை நினைத்தால் வரும் என்றேன். மூன்றாவது வாரம் எனக்குச் சுமார் என்று மதிப்பெண் போட்டார். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்தவர் பிரமாதமாக அழுதார். அவருடைய குதிரை அந்த வாரம் கால் சுளுக்கி ஓய்வுக்குப் போய்விட்டது. அதற்கு அப்புறம் அவர் இன்னும் நன்றாக அழுதார், ஆனால் அதற்கு மதிப்பெண் இல்லை.

இதற்கிடையில் தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. கதவும் ஜன்னலும் கழற்றிய வீடுகளுக்கு நடுவில் நாங்கள் இருந்தோம். வம்பு பேச ஆள் இல்லாமல் அக்கா சரிவு வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். வேறு வீடு பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தேன். எங்களுக்குக் கட்டுபடியாகும் வாடகைக்கு எல்லாமே மாடியில்தான் இருந்தன.

ஒருநாள் மனைவி கேட்டாள். “நிஜமாவே அந்தக் குதிரையை நம்புறீங்களா?”

“வேற யாரை நம்பச் சொல்ற?” என்றேன்.

பந்தய நாள் வந்தது. அக்கா வீட்டிலிருந்து போனில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். நாங்கள் இருவரும் போனோம். பயனாளிகளுக்குத் தனிப் பந்தல், தனி விசிறி, தனி வேலி. பந்தயத்துக்கு முன்னால் முதலாளி பேசினார். தெருமுழுங்கியை நான் நேரில் பார்த்தது அன்றுதான். சாதாரண மனிதர் மாதிரிதான் இருந்தார்.

“நான் ஒரு தெருவை வாங்கும்போது கட்டிடத்தைப் பார்ப்பதில்லை” என்று ஆரம்பித்தார். “அதில் வாழும் மனிதர்களைப் பார்க்கிறேன். இவர்கள் எங்கே போவார்கள் என்று கவலைப்படுகிறேன். அந்தக் கவலை வந்தவுடனே வாங்கிவிடுகிறேன். ஏனென்றால் நான் வாங்கினால்தானே நான் உதவ முடியும்? போன வருடம் எண்ணூறு குடும்பங்களை உதவி தேவைப்படும் நிலைக்குக் கொண்டுவந்தோம். இந்த வருடம் ஆயிரத்து ஐந்நூறு. எந்த அறக்கட்டளைக்கு இந்த வளர்ச்சி இருக்கிறது, சொல்லுங்கள்?”

கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம், பயிற்சியில் அதுவும் இருந்தது.

“என் வெற்றியின் ரகசியத்தைக் கேட்கிறார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. நிலமானாலும் குதிரையானாலும் பாசம் வைக்க வேண்டும். விலை ஏறுகிறவரைக்கும் வைக்க வேண்டும்” என்று முடித்தார். அதற்கும் தட்டினோம்.

ஐந்தாவது பந்தயம் எங்களுடையது. பன்னிரண்டு குதிரைகள். எங்கள் குதிரையை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை நிமிர்ந்திருந்தது, தோல் பளபளத்தது, கண்ணுக்குக் கீழே பள்ளத்தைக் காணோம். “மூணு வாரமா தூங்கித் தள்ளுதுங்க” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பயிற்சியாளர் சொன்னார். கதவு திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி என் கையை இறுக்கிக்கொண்டே போனாள், வலியில் கண்ணைத் திறந்தேன். எங்கள் குதிரை நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூன்றாவது. “மூணு போதாது, மூணு போதாது, நாலாவது மாடி!” என்று மனைவி கத்தினாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. திருப்பத்தில் இரண்டாவதானது. கடைசி நூறு அடியில், சத்தியமாகச் சொல்கிறேன், அது ஓடவில்லை, பறந்தது.

ஜெயித்தது. ஆமாம், முதலாவதாக. நாற்பத்தொரு தோல்விக்கு அப்புறம்.

போன் அடித்தது. “பார்த்தேன்டா, பார்த்தேன்டா” என்று அக்கா அழுதாள். மேடையில் ஆறடிச் சாவியை வாங்கும்போது எனக்குக் கண்ணீர் வந்தது, தாடைக்கும் கீழே போனது, மைக் நனைந்தது. டீச்சரம்மா ஓரத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முதலாளி என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மேடையை விட்டு இறங்கியதும் சாவியை அடுத்தவருக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சரியாகப் போய் நின்றேன். மேலாளர் பச்சை அட்டையில் இருந்தார். கோப்பைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

“ஒரு சின்ன விஷயம். குதிரையை நேத்து சாயங்காலமே வித்துட்டாங்க.”

“வித்துட்டாங்களா? ஜெயிச்ச குதிரையையா?”

“ஜெயிச்சதாலதாங்க. தோக்கிற குதிரையை யாரு வாங்குவா? நாப்பத்தொரு தடவை தோத்தது, மறுபடி ஜெயிக்குமோ என்னவோ. விலை ஏறியிருக்கிறது அந்த ஒரு நாள்தான். முதலாளி பாருங்க, பரிசு கொடுக்கிற மேடையிலேயே பேசி முடிச்சிட்டாரு.”

“சரி சார், அது அவர் இஷ்டம். எங்க வீடு?”

“அங்கதான் விதி ஒன்பது வருது. பயனாளி குதிரையைச் சேர்ந்தவர். குதிரை யார்கிட்ட இருக்கோ, பயனாளியும் அவரைத்தான் சேரணும். உங்க கோப்பையும் குதிரையோடயே அனுப்பிட்டோம்.”

“வாங்குனவர் வீடு கொடுப்பாரா சார்?”

“நான் உங்களுக்காகப் போன் போட்டுக் கேட்டேன். மனுஷன்னா அவ்வளவாவது செய்யணுமில்ல? குதிரையை மட்டும்தான் வாங்குனேன், கூட வந்த காகிதத்தை என்ன பண்றதுன்னு அவரு என்னைக் கேக்குறாரு.” கொஞ்சம் தணிந்த குரலில், “அவருக்கு அறக்கட்டளை எல்லாம் கிடையாதுங்க. ஒரு மாதிரி ஆளு” என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். திட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. கடைசியில், “தோத்திருந்தா?” என்று மட்டும் கேட்டேன்.

“தோத்திருந்தா குதிரை நம்மகிட்டயே இருந்திருக்கும். உங்க மனுவும் உயிரோட இருந்திருக்கும். அடுத்த பந்தயம் வரைக்கும் நீட்டிப்பு வாங்கிக் கொடுத்திருப்பேன். அப்படி நாலு வருஷமா இருக்கிற குடும்பமெல்லாம் இருக்கு. நல்லா ஓடிக்கிட்டிருந்த ஏற்பாடுங்க இது.” அவருக்கும் வருத்தம்தான். “திடீர்னு அதுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. நீங்க ஏதாவது பண்ணீங்களா?”

“ஃபேனைச் சரி பண்ணேன்” என்றேன்.

“அனுமதி வாங்குனீங்களா?” என்று கேட்டுவிட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு மனைவி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் பையை எடுத்து, திருப்புளியைத் துடைத்து, திரும்ப உள்ளே வைத்தாள். அக்காதான் பேசினாள். “நல்லாத் தூங்குச்சில்ல? அது போதும் விடு. வாயில்லாத ஜீவன்” என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அறுபதாவது நாள் காலையில் சிவப்பு அட்டை குத்திக்கொண்டு மேலாளர் வந்து நின்றார். ரொம்ப மரியாதையாகக் காலி செய்ய வைத்தார். அக்காவின் ஊன்றுகோலை அவரே வண்டியில் எடுத்து வைத்தார். நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் வாசல் சரிவில் இயந்திரம் ஏறிவிட்டது.

இப்போது ஊர்க்கோடியில் ஒரு கட்டிடத்தில் இருக்கிறோம். மூன்றாவது மாடி. அக்கா உள்ளே போய்விட்டால் அவ்வளவுதான், இனி தெரு என்பது அவளுக்கு ஜன்னல்தான். அது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. வந்து இறங்கிய அன்று நான் படிக்கட்டு முன்னால் குனிந்து நின்றேன். அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கனமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனைவி ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். முதல் மாடி ஏறினேன். இரண்டாவது மாடியில் கால் நடுங்கியது. நின்றால் மறுபடி ஏற மாட்டேன் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக ஏற ஆரம்பித்தேன்.

அக்கா என் காதோரம் குனிந்தாள்.

“மெதுவாப் போடா” என்றாள். “ஜெயிச்சு கியிச்சுத் தொலைச்சிடாதே.”